சர்ப்பகந்தி வேரும் மூளையின் செரோட்டோனினும்

ஜெஞ்சாரோமிலும் பந்திங்கிலும் கிள்ளான் வட்டாரத்துத் தோட்ட வீடுகளிலும் நித்தியகல்யாணி பூக்காத வாசலைக் காண்பது அரிது. அச்செடியும், கோயில் முற்றத்து அரளியும், மலாய்க்காரர் பூலாய் என்றழைக்கும் ஏழிலைப்பாலையும் தாவரநூலார் கணக்கில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கசப்பும் நஞ்சும் மருந்தும் கலந்து நிற்பது அக்குடும்பத்தின் இயல்பு. அதே குடும்பத்தில் பிறந்த இன்னொரு செடி, இரண்டு மூன்று அடிக்கு மேல் ஓங்காதது, வெண்மையும் செம்மையுமாகப் பூத்துக் கருநீலக் கனி தருவது, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உலகத்து மருத்துவர்களின் கவனத்தையெல்லாம் தன் வேரின்பால் ஈர்த்துக்கொண்டது. வடமொழியில் அதற்குச் சர்ப்பகந்தா என்று பெயர். தமிழில் சர்ப்பகந்தி என்பர். மனித மூளையில் செரோட்டோனின் என்ற பொருளுக்கு ஏதோ ஒரு பெரிய வேலை இருக்கிறது என்னும் எண்ணத்திற்கு வலுவூட்டியவற்றுள் இவ்வேரே முதன்மையானது எனலாம்.

இச்செடியின் பெயர்களே ஒரு சிறு ஆராய்ச்சிக்கு உரியவை. தமிழ் மருத்துவ அகராதிகளில் இதற்குச் சிவன்மேல்பொடி என்ற பெயரும் காணப்படுகிறது. சிவனுக்கும் இச்செடிக்கும் என்ன தொடர்பு, பொடி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்க்கு விடை சொல்வது எளிதன்று. ஆனால் மலையாளத்தில் இதற்கு அமல்பொரி என்றும் சுவன்ன அவில்பொரி என்றும் பெயர் உண்டு. சுவன்ன என்றால் சிவந்த என்பது பொருள். மலை நாட்டிலிருந்து வேரோடு வந்த பெயர், வாயில் உருமாறிச் ‘சிவன்’ ஆகிவிட்டது போலும். பொரி பொடியானதும் அவ்வாறே இருக்கலாம். மரூஉ மொழிகளைத் தொகுப்போர் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மேலைநாட்டார் இட்ட பெயரின் கதை வேறு. பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த லியோன்ஹார்ட் ராவுல்ஃப் என்ற மருத்துவர் மூலிகை தேடி மேற்காசியா வரையில் சென்றவர். அவர் இந்தியாவிற்கு வரவும் இல்லை. இச்செடியைக் கண்டதும் இல்லை. அவர் இறந்து நூறாண்டுக்குப் பின் பிரெஞ்சுத் தாவரநூலார் பிளூமியே, 1703-இல், அவரைப் பெருமைப்படுத்த ஒரு செடியினத்திற்கு அவர் பெயரை இட்டார். அந்த இனத்தில் சர்ப்பகந்தியும் அடங்கியது. கீரிப்பிள்ளை பாம்போடு போரிடுமுன் இச்செடியைத் தின்று செல்லும் என்ற மக்கள் நம்பிக்கையை, மலாய்த் தீவுக்கூட்டத்தின் அம்போன் தீவில் வாழ்ந்த ரும்ஃபியஸ் தம் பெருநூலில் எழுதிவைத்தார். பாம்புக்கடிக்கு இவ்வேர் மருந்தாகுமா என்பது வேறு செய்தி. அதற்குச் சான்று இல்லை. பேராக் மாநிலத்தின் பெயரைத் தாங்கிய ஒரு வகையும் இந்த இனத்தில் உண்டு. தாவரநூலார் அதற்கு ராவுல்ஃபியா பெராக்கென்சிஸ் என்று பெயரிட்டனர்.

பைத்தியத்திற்கு மருந்து

பீகாரில் இவ்வேருக்கு வழங்கிய பெயர் ‘பாகல் கீ தவா’ என்பது. பைத்தியத்திற்கு மருந்து என்பதே அதன் பொருள். வெறி கொண்டவர்க்கும், உறக்கமின்றித் திரிபவர்க்கும், அழுகை அடங்காத குழந்தைக்கும்கூட இவ்வேரைக் கொடுத்துத் தூங்கவைப்பது அங்குள்ள நாட்டு வழக்கம். சங்கிலியும் இருட்டறையும் தவிர வேறொன்றும் பித்தர்க்குக் கிடையாத காலத்தில், ஒரு வேர் அவர்களை அமைதிப்படுத்தியது என்பது சிறு செய்தியன்று. மலாயாவில் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் மருத்துவமனை 1911-இல் திறக்கப்பட்டது. பின்னர் அவ்வூர்ப் பெயரே தெருப்பேச்சில் ஏசும் சொல்லாக வழங்கலாயிற்று. மனம் நோயுற்றவரை ஊர் எப்படிப் பார்த்தது என்பதற்கு அச்சொல்லே சான்று.

நாட்டு வழக்கமாக இருந்ததைக் கல்வி மருத்துவத்தின் கண்முன் கொண்டுவந்தவர்கள் கல்கத்தாவின் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் ஆவர். 1931-இல் அவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பித்துக்கும் உயர்ந்த இரத்த அழுத்தத்திற்கும் ஏற்ற புதிய இந்திய மருந்து என்பது அக்கட்டுரைத் தலைப்பின் கருத்து. வேர்ப்பொடியை நாளைக்கு இருமுறை கொடுத்தபோது நோயாளி உறங்கினார்; இரத்த அழுத்தமும் தணிந்தது; வெறியும் அடங்கியது என்பது அவர்கள் கண்டது. மனத்தையும் குருதிக்குழாயையும் ஒரே வேர் ஒரே நேரத்தில் தொடுகிறது என்ற அந்த இரட்டைச் செய்திதான் பின்வந்த எல்லா ஆராய்ச்சிக்கும் விதை. அதனை உலகம் காதில் வாங்கிக்கொள்ள ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

அதே 1931-இல் டில்லியின் திப்பியாக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபாத் உசேன் சித்திக்கியும் இவ்வேரிலிருந்து ஐந்து காரப்பொருள்களைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். கல்லூரியை வளர்த்த ஹக்கீம் அஜ்மல்கான் நான்காண்டுக்கு முன்னர் மறைந்திருந்தார். அவர் நினைவாக மூன்று பொருள்களுக்கு அஜ்மலின், அஜ்மலிசின், அஜ்மலினின் என்று பெயரிட்டனர். மற்ற இரண்டும் செர்ப்பென்டின், செர்ப்பென்டினின் எனப்பட்டன. அஜ்மலின் இதயத் துடிப்பின் ஒழுங்கைத் தொடுவது. இதயநோயின் ஒரு வகையைக் கண்டறியும் சோதனையில் இன்றளவும் அது பயன்படுகிறது. அஜ்மலிசினோ நம் வாசலில் நிற்கும் நித்தியகல்யாணியின் வேரிலும் உண்டு.

ஆயினும் இங்கே ஒரு முடிச்சு விழுந்தது. அழகிய படிகங்களாகக் கிடைத்த இந்த ஐந்தில் எதுவும் பித்தரைத் தூங்கவைக்கவில்லை. வேர்ப்பொடி செய்த வேலையைப் படிகங்கள் செய்யாமற் போகவே, வேதியியலார் குழம்பினர். நாட்டு மருத்துவர் சொன்னது வெறும் நம்பிக்கைதானோ என்று ஐயுறவும் இடம் ஏற்பட்டது. 1930-களில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் சோப்ராவும் அவருடன் உழைத்தவர்களும் விடாமல் தேடினர். 1944-இல் குப்தாவும் காஹலியும் அவர்தம் துணைவரும் ஓர் உண்மையைக் கண்டனர். காரப்பொருள்களைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் பிசின் போன்ற கசட்டில்தான் உறக்கந்தரும் ஆற்றல் தங்கியிருந்தது. பளபளக்கும் படிகங்களை எடுத்துக்கொண்டு, ஒட்டும் கசட்டை ஒதுக்கிவைத்ததே இத்தனை ஆண்டுக் குழப்பத்திற்கும் காரணம். போர்க்காலக் கல்கத்தாவில் அந்தக் கசட்டை உடைத்துப் பார்க்கும் கருவிகளும் பணமும் எளிதில் கிட்டுபவையல்ல.

இதற்கிடையில் வணிகம் முந்திக்கொண்டது. ஹிமாலயா மருந்து நிறுவனம் 1934-இல் இவ்வேரைச் ‘செர்ப்பினா’ என்ற மாத்திரையாக்கி விற்றது. பர்மாக் காட்டில் மிரண்ட யானைகளுக்கு இவ்வேரைக் கொடுத்து அடக்குவதைக் கண்டே நிறுவனர் இத்தொழிலில் இறங்கினார் என்பது நிறுவனத்தார் கூறிவரும் வரலாறு. யானைக் கதை உண்மையோ அன்றோ, மாத்திரை நன்றாக விற்றது என்பது உண்மை.

பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் இவ்வேரைப் பல ஆண்டுகள் கொடுத்துப் பார்த்து, 1949-இல் ஐம்பது நோயாளிகளின் விவரத்துடன் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் கட்டுரை வெளியிட்டார். அதனைப் படித்த பாஸ்டன் மருத்துவர் ராபர்ட் வில்கின்ஸ் வேரைத் தருவித்துத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்தார். மருந்துண்டவர்கள் அழுத்தம் தணிந்ததோடு மனமும் அமைதியுற்றதாகக் கூறினர். கல்கத்தாவில் 1931-இல் எழுதப்பட்டதை அவர்கள் பாஸ்டனில் திரும்பச் சொன்னார்கள் என்றே கொள்ளலாம். ஆங்கில இதழில் அச்சேறிய பிறகுதான் ஒரு செய்திக்குக் கால் முளைக்கிறது என்பது அன்றைய நிலை. இன்றும் அது பெரிதும் மாறிவிடவில்லை.

1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தைச் சேர்ந்த ஷ்லிட்லர், முல்லர், பைன் ஆகிய மூவரும் அந்தப் பிசின் கசட்டிலிருந்தே தூய பொருளைப் பிரித்தனர். ரெசர்ப்பின் என்பது அதன் பெயர். ஒரு மில்லிகிராமில் கால் பங்கு இரத்த அழுத்த நோயாளிக்கு ஒரு நாளைக்குப் போதுமானது. 1954-இல் நியூயார்க்கின் ராக்லண்ட் மாநில மருத்துவமனையில் நேதன் கிளைன் இதை மனநோயாளிகளுக்குக் கொடுத்து வெளியிட்ட முடிவுகள் பெரும் பரபரப்பை உண்டாக்கின. 1956-இல் ஹார்வர்டின் உட்வர்ட் இதனைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினார். 1957-இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிளைனுக்கும் வக்கீலுக்கும் இன்னும் சிலருக்கும் வழங்கப்பட்டது. சென், போஸ் ஆகியோரின் பெயர்கள் அப்பட்டியலில் இல்லை.

மட்டியின் இதயம் சொன்ன செய்தி

வேர் என்ன செய்கிறது என்பது தெரிந்தது. எவ்வாறு செய்கிறது என்பது தெரியவில்லை. அதற்கான விடை குடலிலிருந்தும் மட்டியிலிருந்தும் வந்தது என்றால் வியப்பாக இருக்கும்.

இத்தாலியின் பாவியா நகரில் வியாலியும் எர்ஸ்பாமெரும் 1937-இல் குடற்சுவர் அணுக்களிலிருந்து தசையைச் சுருக்கும் ஒரு பொருளைக் கண்டு அதற்கு என்டெரமின் என்று பெயரிட்டனர். அமெரிக்காவின் கிளீவ்லண்டில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகியோர் 1948-இல் மாட்டுக் குருதியிலிருந்து குழாயைச் சுருக்கும் ஒரு பொருளைப் பிரித்துச் செரோட்டோனின் என்றனர். அடுத்த ஆண்டில் அதன் அமைப்பு தெளிவாயிற்று. 1952-இல் இரண்டும் ஒன்றே எனத் தெரிந்தது. உடலிலுள்ள செரோட்டோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. வாழைப்பழத்திலும் அது உண்டு என்பது 1958-இல் தெரியவந்தது. அதற்கு நான்காண்டுக்கு முன்னரே, தொட்டாலே அரிக்கும் பூனைக்காலிச் சுணையில் அதனைக் கண்டனர். பழம் தின்று மகிழ்ச்சி பெறலாம் என எண்ணுவோர்க்கு ஒரு சொல்: உண்ட செரோட்டோனின் குருதியிலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோஃபேன் என்ற புரதக் கூறிலிருந்து தானே செய்துகொள்கிறது.

மூளையில் இப்பொருள் இருக்கும் என 1950-ல் எவரும் எண்ணவில்லை. பெட்டி ட்வாரோக் என்ற இளம்பெண் ஹார்வர்டில் கடற்சிப்பியின் தசையை ஆராய்ந்தவர். இறுகிப் பிடித்துக்கொள்ளும் அத்தசையைத் தளர்த்துவது செரோட்டோனின் என்று அவர் கண்டார். சிப்பியில் இருப்பது மற்ற உயிர்களின் நரம்பிலும் ஏன் இருக்கலாகாது என்று கிளீவ்லண்டுக்குச் சென்று பேஜுடன் சேர்ந்து தேடினார். அளக்கும் கருவி என்னவென்றால், ஒரு வகை மட்டியின் இதயம். சிலாங்கூர்க் கடலோரத்தில் கெராங் வாங்கி உண்பவர்க்கு அறிமுகமான இனத்தின் தூரத்து உறவே அது. செரோட்டோனின் ஓர் அணுவளவு பட்டாலும் அந்த இதயம் வேகமாகவும் வலிவாகவும் துடிக்கும். துடிப்பின் அளவைக் கொண்டு பொருளின் அளவைச் சொல்லலாம். 1953-இல் பாலூட்டிகளின் மூளையில் செரோட்டோனின் உண்டு என்று ட்வாரோக்கும் பேஜும் அறிவித்தனர்.

அடுத்த அடி 1955-இல் வாஷிங்டனுக்கு அண்மையிலுள்ள பெதெஸ்டாவில் வைக்கப்பட்டது. தேசிய இதயநோய்க் கழகத்தில் பெர்னார்ட் பிராடி, பிளெச்சர், ஷோர் ஆகியோர் முயல்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்தனர். முயல்கள் காது தொங்கிக் கண் சொருகி அசைவற்றுக் கிடந்தன. அவற்றின் மூளையை எடுத்துப் பார்த்தபோது செரோட்டோனினின் பெரும்பகுதி மறைந்துவிட்டிருந்தது. மருந்து மூளையிலிருந்து ஏறக்குறைய நீங்கிய பின்பும் இக்குறைவு பல நாள் நீடித்தது. பீகாரின் பித்தர் மருந்து மூளையின் ஒரு பொருளைத் தீர்த்துவிடுகிறது என்பது, மனநிலைக்கும் மூளைவேதியியலுக்கும் பாலம் கட்டிய முதற் சான்றுகளுள் ஒன்று. அந்த ஆண்டே பிராடியின் ஆய்வுக்கூடத்தில் சில மாதங்கள் தங்கிய சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன், நாடு திரும்பி, ரெசர்ப்பின் நார்அட்ரினலினையும் டோப்பமினையும்கூடத் தீர்க்கிறது என்று காட்டினார். பார்க்கின்சன் நடுக்குவாத நோய்க்கு இன்று கொடுக்கும் லெவோடோப்பா மருந்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அவருக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ரெசர்ப்பின் செய்யும் வேலையின் நுட்பம் பிற்காலத்தில் விளங்கிற்று. நரம்பணுவின் நுனியில் நுண்ணிய பைகள் பல உண்டு. செரோட்டோனின் முதலியன அப்பைகளில் நிரப்பப்பட்டே காத்துக்கிடக்கும். நிரப்பும் இறைப்பு ஏற்பாட்டை ரெசர்ப்பின் அடைத்துவிடுகிறது. பையில் ஏறாத சரக்கு நுனியிலேயே சிதைந்து போகிறது. அடைப்பு எளிதில் விடாது. புதிய பைகள் உண்டாகி வரவேண்டும். முயலின் மூளை பல நாள் வெறுமையாகக் கிடந்ததற்கு இதுவே காரணம்.

அவசரத்தில் கட்டிய கொள்கை

இனி வருவது, படித்தவர்கள் பலரும் தவறாகவே நம்பியிருக்கும் பகுதி. இரத்த அழுத்தத்திற்கு ரெசர்ப்பின் உண்டவர்களில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளானார்கள் என்ற செய்திகள் 1950-களின் நடுவில் வரத் தொடங்கின. ரெசர்ப்பின் மூளைச்சரக்கைக் குறைக்கிறது, ரெசர்ப்பின் சோர்வைத் தருகிறது. ஆகவே சரக்குக் குறைவே சோர்வு என்று கணக்குப் போட்டனர். 1965-இல் அமெரிக்காவின் ஷில்ட்கிராட் நார்அட்ரினலினை முன்வைத்தும், 1967-இல் இங்கிலாந்தின் காப்பன் செரோட்டோனினை முன்வைத்தும் எழுதினர். 1987-இல் அமெரிக்காவில் ஃபுளூவாக்செட்டின் என்ற மாத்திரை ஒப்புதல் பெற்றபின், செரோட்டோனின் குறைந்தால் துயரம், ஏறினால் மகிழ்ச்சி என்பது கடைத்தெருப் பேச்சாகிவிட்டது.

கணக்கின் முதல் வரியே உறுதியில்லாதது. லண்டனில் டேவிஸும் ஷெப்பர்டும் 1955-இலேயே, கவலையும் சோர்வும் கொண்ட நோயாளிகளுக்கு ரெசர்ப்பின் கொடுத்து, அவர்கள் தேறியதாக லான்செட் இதழில் எழுதியிருந்தனர். சோர்வை உண்டாக்கும் என்ற மருந்தே சோர்வைத் தணித்ததாம். அக்கட்டுரையை எடுத்துப் பார்ப்பார் இல்லை. 2022-இல் மான்கிரீஃபும் பிறரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மனச்சோர்வுடையாரிடம் செரோட்டோனின் குறைந்திருக்கிறது என்பதற்கு நிலையான சான்று இல்லை என்று அறிவித்தனர். மருந்துகள் பயனற்றவை என்று இதனால் ஆகாது. தலைவலி மாத்திரையால் தீர்ந்தது என்பதால், மாத்திரை குறைந்ததே தலைவலிக்குக் காரணம் என்று எவரும் சொல்வதில்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையை இச்செய்தியைப் படித்துவிட்டு ஒருவர் தாமே நிறுத்துவது ஆபத்தானது.

அளவைப் பார்த்தவர்கள் மறந்தது, அதனை வாங்கும் இடத்தை. ‘மாலை’ என்ற ஒரே சொல் பூக்காரியின் கையில் ஒரு பொருளும் கடற்கரையில் இன்னொரு பொருளும் தருகிறது. சொல் எத்தனை முறை வந்தது என எண்ணிக்கொண்டிருந்தால் செய்யுளின் பொருள் விளங்காது. செரோட்டோனினுக்கும் அதுவே. அதன் பொருளை முடிவு செய்வது அதனை ஏற்கும் அணுவின் மேல் பதிந்திருக்கும் ஏற்பி. அணுக்களில் ‘ஏற்கும் பொருள்’ ஒன்று இருக்கவேண்டும் என்று கேம்பிரிட்ஜின் லாங்லி 1905-இலேயே கூறியிருந்தார். செரோட்டோனினுக்கு ஏற்பி ஒன்றல்ல, இரண்டு என்று முதன்முதலில் காட்டியவர்கள் எடின்பரோவில் காடமும் பிக்கரெல்லியும். ஆண்டு 1957. சீமைப்பெருச்சாளியின் குடல்துண்டைத் தொங்கவிட்டுச் செரோட்டோனினால் சுருங்கச் செய்தனர். டைபென்சிலின் என்ற மருந்து சுருக்கத்தின் ஒரு பகுதியைத் தடுத்தது. மார்ஃபின் மற்றப் பகுதியைத் தடுத்தது. இரண்டும் சேர்ந்தால் சுருக்கமே இல்லை. ஆகவே தசையின் மேல் ஒன்று, நரம்பின் மேல் ஒன்று என இரண்டு ஏற்பிகள் என்றனர். ஒரு குடல்துண்டு, இரண்டு மருந்து, ஒரு புகைபடிந்த உருளைத்தாள்: இன்றைய கருவிகளோடு ஒப்பிட்டால் இவ்வளவு எளிய ஏற்பாட்டில் இவ்வளவு பெரிய உண்மை கிடைத்தது அரிது.

மூளையில் இப்பொருளைச் செய்யும் அணுக்கள் எங்கே இருக்கின்றன என்பதை 1964-இல் சுவீடனின் டால்ஸ்ட்ரோமும் ஃபூக்சும் ஒளிர்வு முறையால் கண்டனர். மூளைத்தண்டின் நடுக்கோட்டில் ராஃபே என்னும் சிறு திரள்கள். மனித மூளையின் எண்ணாயிரத்து அறுநூறு கோடி நரம்பணுக்களில் இவை சில இலட்சமே. ஆயினும் அவற்றின் இழைகள் மூளையின் எல்லாப் பகுதிக்கும் ஓடுகின்றன. தூக்கம், பசி, உடற்சூடு, வலி, அச்சம் யாவற்றிலும் ஒரே பொருளின் கை தெரிவது இதனால்தான். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் அது வேறு ஏற்பியைச் சந்திக்கிறது.

1979-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பெருட்காவும் ஸ்னைடரும் கதிரியக்கம் ஏற்றிய பொருள்களை எலியின் மூளைப்படலத்தில் ஒட்டவைத்து, மூளையிலும் இரு வகை உண்டு என்று காட்டினர். முதல் வகை, இரண்டாம் வகை எனப் பெயரிட்டனர். 1980-களின் இறுதியில் மரபணுக்களைப் பிரித்தெடுக்கும் முறை வந்தபின் வகைகள் பெருகின. இன்று ஏழு குடும்பங்கள். பாலூட்டிகளில் பதினான்கு வகைகள். அவற்றுள் ஐந்து-பி என்பது மனிதனிடம் இயங்குவதில்லை. முதலில் ஒன்று-சி எனப்பட்டது உண்மையில் இரண்டாம் குடும்பத்தது எனக் கண்டு இரண்டு-சி என மாற்றினர். முதற்குடும்பத்தில் ஏ, பி இருக்க, சி இல்லாமல் டி வருவது இதனால். வகுப்புப் பதிவேட்டில் ஒரு பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விட்டது போல அந்த வரிசையில் ஓர் இடம் வெறுமையாகவே நிற்கிறது.

மூன்றாம் குடும்பம் தவிர மற்றவை யாவும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு புரதச் சங்கிலி அணுவின் சவ்வை ஏழுமுறை ஊடுருவி நிற்கும். வெளிப்புறம் செரோட்டோனின் அமர்ந்ததும் உட்புறம் வடிவம் சிறிது மாறி, ஜி-புரதம் என்ற தூதனைத் தட்டி எழுப்பும். மூன்றாம் குடும்பத்தது ஐந்து கூறுகள் வட்டமாகக் கூடிய ஒரு வாயில். செரோட்டோனின் பட்டதும் நொடிக்குள் திறந்து மின்னேற்றத் துகள்களை உள்ளே விடும். குடல் நரம்பிலும் வாந்தி மையத்திலும் இந்த வாயில் மிகுதி. புற்றுநோய் மருந்தேற்றிக்கொள்வோர்க்கு வாந்தி வராமல் காக்கும் ஒன்டான்செட்ரான் இந்த வாயிலை மூடுவது. ஒற்றைத் தலைவலிக்குரிய சுமாட்ரிப்டான் ஒன்று-பி, ஒன்று-டி ஏற்பிகளைத் தட்டி எழுப்புவது. இரண்டும் 1990-களின் தொடக்கத்தில் பழக்கத்திற்கு வந்தவை.

ஏற்பியை அறியாமல் மருந்து கொடுத்தால் என்ன விளையும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. உடல் மெலிய ஃபென்ஃபுளூரமின் உண்ட பலருக்கு இதயவால்வு கெட்டது. 1997-இல் அம்மருந்து கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இதயவால்வின் மேலும் ஓர் ஏற்பி, இரண்டு-பி, இருந்ததுதான் காரணம். பசியைக் குறைக்க அனுப்பிய தூது, முகவரி மாறி வால்வைத் தடிக்கச் செய்துவிட்டது.

ஃபுளூவாக்செட்டின் போன்ற மாத்திரைகள் சில மணி நேரத்திலேயே செரோட்டோனினைக் கூட்டினாலும், மனம் தேற வாரக்கணக்கில் ஆகிறது. அளவே எல்லாம் என்றால் இதற்கு விளக்கம் இல்லை. ஏற்பியைக் கொண்டு ஒரு விளக்கம் சொல்வர். ராஃபே அணுக்களின் மேலேயே ஒன்று-ஏ என்ற ஏற்பி காவற்காரனாக இருக்கிறது. செரோட்டோனின் மிகுந்ததும் அது அணுவை அடக்கிவிடும். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து மிகுந்தால் காவற்காரன் சலித்து அயர்ந்துவிடுவான். அணு மீண்டும் முழுவேகத்தில் இயங்கும். முழு உண்மையும் இதுவே என்று சொல்வதற்கில்லை; ஆனால் கடைத்தெருப் பேச்சைவிட இது எவ்வளவோ மேல்.

இந்த ஆராய்ச்சியில் இந்தியாவின் பங்கு சர்ப்பகந்தியோடு நின்றுவிடவில்லை. ஐதராபாத்தின் அணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் அமிதாப சட்டோபாத்தியாயாவும் அவர் மாணவர்களும் மாட்டு மூளையின் ஒன்று-ஏ ஏற்பியை எடுத்துக்கொண்டு, அது அமர்ந்திருக்கும் சவ்விலுள்ள கொழுப்பை, அதாவது கொலஸ்டிராலை, நீக்கினால் ஏற்பி செரோட்டோனினைப் பற்றும் திறன் குன்றுகிறது என்று பல்லாண்டு ஆய்வில் காட்டினர். குருதியில் மிகுந்தால் அஞ்சப்படும் கொலஸ்டிரால், மூளைச்சவ்வில் குறைந்தால் கேடாகிறது. பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் விதிதா வைத்யாவின் குழு, 2019-இல், இரண்டு-ஏ ஏற்பி வழியாகச் செரோட்டோனின் மூளைப்புறணி அணுக்களின் ஆற்றல் உலைகளான மைட்டோகாண்டிரியாவைப் பெருக்குகிறது என்று அறிவித்தது. எல்.எஸ்.டி. என்ற மயக்கப் பொருள் மனத்தைத் திரிப்பதும் இதே இரண்டு-ஏ ஏற்பியில் அமர்ந்துதான். அதன் உறவான இரண்டு-பி ஏற்பியில் எல்.எஸ்.டி. அமர்ந்த உருவத்தை 2017-இல் படிகமாக்கிப் பார்த்தபோது, ஏற்பியின் ஒரு பகுதி மூடிபோல் மேலே கவிந்திருந்தது. அம்மயக்கம் பல மணி நேரம் தெளியாததற்கு அந்த மூடியும் ஒரு காரணம் என்பர்.

ரெசர்ப்பின் இரத்த அழுத்தத்திற்குப் பல நாடுகளில் இன்று அருகிவிட்டது. புதிய மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. வேருக்காகக் காடுகளில் வேரோடு பிடுங்கப்பட்ட சர்ப்பகந்தி அரிதாகிவிடவே, 1990-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. ஆனால் பையை நிரப்பும் இறைப்பை அடைக்கும் அந்த உத்தி மட்டும் மறையவில்லை. 1950-களில் ரெசர்ப்பினைப் பின்பற்றித் தேடியபோது கிடைத்த டெட்ராபெனசின், உடல் தானே துள்ளி ஆடும் ஹன்டிங்டன் நோய்க்கு 2008-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மனநோய் மருந்துகளை நெடுநாள் உண்டதால் நாவும் தாடையும் ஓயாமல் அசையும் துன்பத்திற்கு, அதே வழியில் வந்த வால்பெனசின் 2017-இல் ஒப்புதல் பெற்றது.